ரேடியோ நைனாவின் இரும்பு முட்டி

முப்பத்தைந்து வருஷம் நர்ஸ் வேலை பார்த்தவள் நான். வலிக்குப் பயந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வலிக்காமலேயே வலிக்கிறது என்று நடித்து லீவு லெட்டருக்குக் கையெழுத்து வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஊசியைக் கண்டதும் ஜன்னல் வழியாகக் குதித்து ஓடிய ஒரு ஹெட்கான்ஸ்டபிளைக்கூடப் பார்த்திருக்கிறேன். ஆனால் தன் வலியைக் கறவை மாடு மாதிரி கட்டி வைத்துத் தீனி போட்டு வளர்த்து, அதைக் கொண்டு ஒரு குப்பத்தையே நடத்திய ஆசாமி உலகத்தில் ஒருவர்தான். அவர்தான் ரேடியோ நைனா.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. என் ரெஜிஸ்டரில்கூட எழுதியிருந்தேன். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

எண்பதுகளின் நடுவில் என்னைப் பழவேற்காட்டு ஏரிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்ப் போட்டார்கள். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஏரி, நடுவில் மணல் திட்டு. லைட்ஹவுஸ் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் ஒரு குப்பம். அதில் ‘துணை சுகாதார நிலையம்’ என்று போர்டு மாட்டிய ஒற்றை அறை. பாலம் எல்லாம் அப்போது கிடையாது. பஸ் பிடிக்க வேண்டுமானாலும் முதலில் படகு ஏற வேண்டும். வேலூர்ப் பக்கம் பிறந்து, கிணற்றை விட்டால் வேறு தண்ணீரே பார்க்காத எனக்கு அந்தப் படகைக் கண்டாலே கால் பின்னால் போகும். அதனால் ஊரில் இருந்த எல்லார் மேலும் எனக்குக் கோபம். அதில் பெரும்பங்கு நைனாவுக்குப் போனது.

தினமும் விடிந்ததும் கரையில் கவிழ்த்துப் போட்ட ஒரு பழைய படகின் மேல் வந்து குந்துவார். லுங்கியை மடக்கி வலது முட்டியை வெளியே எடுப்பார். வீங்கிப் பனங்காய் அளவுக்கு இருக்கும். அதை உள்ளங்கையால் வட்டமாகத் தேய்த்தபடி கண்ணை மூடிக்கொள்வார். வலையும் துடுப்புமாக வந்த ஆம்பிளைகள் சுற்றி நிற்பார்கள்.

“இன்னா நைனா சொல்லுது?”

“இர்றா. இன்னும் ஸ்டேஷன் கெடைக்கல.”

கொஞ்ச நேரம் தேய்ப்பார். திடீரென்று முகம் சுருங்கும்.

“குத்துதுடா. உள்பக்கமா குத்துது. வாடக்காத்து. மதியானத்துக்குள்ள தூக்கி அடிக்கும். இன்னிக்கு வேணாம், வூட்டுக்குப் போங்க.”

அவ்வளவுதான். அறிக்கை முடிந்தது. இறக்கிய வலை மறுபடி கூரைக்கு ஏறும். மதியம் பார்த்தால் வெயில் சுள்ளென்று அடிக்கும். காற்று ஒரு பனையோலையைக்கூட அசைக்காது.

அவருடைய மனைவி அஞ்சலையே என்னிடம் சொன்னாள்: “எங்கூட்டுக்காரு முட்டி மழைன்னு சொல்லிச்சுன்னா நான் தைரியமா கருவாடு காய வெச்சிடுவேன் நர்ஸம்மா. ஒரு நாளும் நனஞ்சதில்ல.”

எனக்குப் பொறுக்கவில்லை. தடுப்பூசி சார்ட்டுக்குப் பின்னால் ஒரு மாதம் குறித்து வைத்துப் பார்த்தேன். நைனா சொன்னபடி காற்று அடித்தது இரண்டே நாள். அதுவும் காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. இன்னொன்றும் கவனித்தேன். பொன்னேரி டாக்கீஸில் புதுப்படம் மாறுகிற வெள்ளிக்கிழமை முட்டி கட்டாயம் குத்தும். அன்றைக்குக் கடலுக்குப் போகாத கூட்டம் மொத்தமும் படகேறி அந்தக் கரைக்குப் போகும். காற்றுக்குப் பயந்தவர்கள் தலைக்கு எண்ணெய் தடவிக்கொண்டு போவதை நான் ஜன்னலில் இருந்து பார்ப்பேன்.

இந்தக் கூட்டத்துக்குத் தலைவன் மாசி. பெரிய வலைக்கு முன்னால் நிற்கிற ஆள். ஆள் ஆறடி, வேலை என்றால் அரையடியாகச் சுருங்கிவிடுவான். பொண்டாட்டி திட்டினால் “நான் இன்னா பண்றது? ரேடியோ வேணாம்னு சொல்லிட்ச்சு” என்று ஒரே பதில். ஒரு கிழவனின் முட்டியைச் சாக்காக வைத்து ஊரே வீட்டில் படுத்துக்கிடக்கிறது என்று நான் முடிவு கட்டினேன். அந்த முடிவை வாயை மூடிக்கொண்டு வைத்திருக்கவும் இல்லை.

“நைனா, உங்க முட்டியில இருக்கிறது தேய்மானம். நடுவுல இருக்கிற ஜவ்வு தேஞ்சு எலும்போட எலும்பு உரசுது. அதுக்கும் காத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல” என்றேன்.

“உரசுறதாலதான் நர்ஸம்மா கேக்குது. முள்ளு உரசாம பாட்டு வருமா?”

ரேடியோவுக்கும் ரெக்கார்டுக்கும் வித்தியாசம் தெரியாதவரை ஊர் ரேடியோ என்று கூப்பிடுகிறது. நான் யாரிடம் போய் அழுவது?

இரண்டு வருஷத்தில் முட்டி மோசமாகிவிட்டது. கரைக்கு நடக்க முடியவில்லை. மாசியும் இன்னொருவனும் நாற்காலியோடு தூக்கி வந்து அறிக்கை வாங்கினார்கள். சாமி ஊர்வலம் தோற்றுப் போகும். கடைசியில் ராயபுரத்தில் வாழ்க்கைப்பட்ட மகள் வந்து அழுது, மெட்ராஸில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். முட்டியையே எடுத்துவிட்டு வேறு முட்டி வைப்பது அப்போது மெட்ராஸுக்கே புதுசு. எங்கள் கரையில் அதைக் கேட்டுச் சிரிக்காத ஆள் இல்லை. சைக்கிளுக்குப் பெடல் மாற்றுகிற மாதிரி மாற்றுவார்களா என்று என்னைக் கேட்டார்கள்.

நைனா எப்படிச் சம்மதித்தார் என்று எனக்கு ஆச்சரியம். அஞ்சலை பிறகு சொன்னாள். கைநாட்டு வைக்கும் முன் டாக்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்.

“உள்ள வெக்கிறது மரமா, இரும்பா?”

“மெட்டல்தான் பெரியவரே.”

“அப்போ வெய்யி.”

பதினாலாம் நாள் தையல் பிரித்து அனுப்பினார்கள். பழவேற்காட்டுப் படகுத் துறையில் வாடகைக் காரில் இருந்து இறக்கி, நாற்காலியோடு படகில் ஏற்றி, இந்தக் கரையில் நாற்காலியோடு இறக்கினார்கள். கூடவே ஒரு வாக்கர், ஒரு பை மாத்திரை, டாக்டர் எனக்கு எழுதிய கடிதம்.

கடிதம் தெளிவாக இருந்தது. வலி மாத்திரையை வேளை தவறாமல் தர வேண்டும். அதில் ஒன்று பயிற்சிக்கு அரை மணி முன்னால். காலை உயர்த்தி வைத்து ஐஸ் ஒத்தடம். பாதத்தை மேலும் கீழும் ஆட்ட வேண்டும். முட்டிக்கு அடியில் தலையணை வைக்கவே கூடாது. வாக்கரைப் பிடித்துத் தினமும் நடை. ஆறாவது வாரம் திரும்பக் கூட்டி வரும்போது முட்டி தொண்ணூறு டிகிரி மடங்கியிருக்க வேண்டும். மடங்காவிட்டால் மறுபடி மயக்கம் கொடுத்து மடக்கிப் பார்க்கலாம். அதுவும் பலிக்காவிட்டால் ஆயுசுக்கும் அது நீட்டின கால்தான்.

ஆறில் இரண்டு வாரம் போய்விட்டது. மிச்சம் நாலு.

நீட்டின காலோடு பட்டணத்தில் எப்படியோ காலம் தள்ளலாம். எங்கள் குப்பத்தில்? முட்டி மடங்காதவன் படகின் விளிம்பைத் தாண்டிக் கால் வைக்க முடியாது. படகு ஏற முடியாதவன் அந்த மணல் திட்டை விட்டு எங்கேயும் போக முடியாது. மகள் வீடானாலும் ஆஸ்பத்திரியானாலும் சாக்கு மூட்டை மாதிரி யாராவது தூக்கிப் போட வேண்டும். இதை அரை மணி நேரம் எடுத்துச் சொன்னேன். அஞ்சலை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நைனா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அது கெடக்கட்டும் நர்ஸம்மா. ஸ்டேஷன் எப்போ வரும்?” என்றார்.

“எந்த ஸ்டேஷன்?”

“காத்து ஸ்டேஷன்தான். எலும்பே அந்தப் பேச்சு பேசிச்சு. இது இரும்பு. ஏரியல் எதால பண்றான்? இரும்பாலதானே? இனிமே சிலோன்ல காத்து கிளம்பினா இங்க குத்தும் பாரு.”

வலி போகட்டும் என்று ஆபரேஷன் செய்துகொள்ளாமல், வலி இன்னும் துல்லியமாகக் கிடைக்கட்டும் என்று செய்துகொண்ட முதல் நோயாளி அவராகத்தான் இருக்கும்.

அன்றைக்கு ஆரம்பித்தது கூத்து. ஐஸுக்குப் பஞ்சமில்லை, எறால் ஏஜெண்ட் பாய் பெட்டி பெட்டியாக ஐஸ் வைத்திருந்தார். நல்ல மனுஷன், தினமும் ஒரு பை நொறுக்கிக் கொடுத்தார். ஆனால் அது எறாலோடு குடும்பம் நடத்திய ஐஸ். துணி சுற்றி முட்டியில் வைத்த பத்தாம் நிமிஷம் குப்பத்துப் பூனைகள் எல்லாம் கட்டிலைச் சுற்றி வந்து உட்கார்ந்துவிடும்.

“என்னிய இன்னா எறான்னு நெனச்சியா? பொட்டில போட்டு ஜப்பானுக்கு அனுப்பப் போறியா?” என்று கத்துவார் நைனா.

“ஜப்பான்காரன் திருப்பி அனுப்பிடுவான். படுங்க” என்பேன்.

அடுத்தது வாக்கர். ஆஸ்பத்திரித் தரையில் அது நன்றாகத்தான் நடந்திருக்கிறது. எங்கள் மணலில் நாலு காலும் ஒரு சாண் உள்ளே இறங்கிவிட்டது. நைனா அதைப் பிடித்துக்கொண்டு நட்டு வைத்த கம்பமாக நின்றார். ஊர் கூடி யோசித்தது. கடைசியில் மாசி தன் ரப்பர் செருப்பு ஒரு ஜோடியையும் தம்பியின் செருப்பு ஒரு ஜோடியையும் கொண்டுவந்து வாக்கரின் நாலு காலுக்கும் அடியில் வைத்து நைலான் நூலால் இறுக்கிக் கட்டினான். அப்புறம் அது மணல் மேல் ஜோராக நடந்தது. வெறுங்காலோடு நைனாவும் செருப்புப் போட்ட வாக்கரும் தெருவில் வந்த காட்சியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். மாசி வாழ்நாளில் செய்த ஒரே உருப்படியான காரியம் அது என்று அப்போது நினைத்தேன்.

மற்றதெல்லாம் கெடுதல்தான். காலையில் நான் தலையணையை உருவி எறிந்துவிட்டுப் போவேன். மதியம் போனால் முட்டிக்கு அடியில் பழைய வலையைச் சுருட்டி மெத்தென்று வைத்திருப்பார்கள்.

“யார் வெச்சது இதை?”

“வலிக்குதுன்னாரு நர்ஸம்மா. பாவமா இருந்துச்சு.”

“பாவம் பார்த்து அப்படியே வெச்சா, அந்தக் கால் நீட்டவும் வராது மடக்கவும் வராது. அப்புறம் ஆயுசு முழுக்கப் பாவம் பார்த்துக்கிட்டே இருங்க!”

பயிற்சி நேரம் வந்தால் நைனா போடுகிற கூச்சல் லைட்ஹவுஸுக்குக் கேட்கும். பெஞ்சில் உட்கார வைத்து, குதிகாலைத் தரையோடு பின்னால் இழுங்கள் என்பேன். “ஐயோ, என்னிய கொல்றாளே!” என்பார். வேளாவேளைக்கு மாத்திரை குறைந்துகொண்டுதான் வந்தது. அட்டையை நானே எண்ணிப் பார்த்தேன். மாத்திரை சாப்பிட்டும் இப்படி வலிக்குமா? கெண்டைக்காலை அமுக்கிப் பார்த்தேன், தையல் இடத்தைப் பார்த்தேன், காய்ச்சல் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. பள்ளிக்கூட டீச்சரிடம் கோணமானி வாங்கி வந்து வைத்தால் முதல் நாள் நாற்பத்தைந்து. பத்தாம் நாளும் நாற்பத்தைந்து.

பதினோராம் நாள் வழக்கத்தைவிடச் சீக்கிரமே போனேன். வாசலில் நாலு பேர் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். கட்டிலில் நைனா சாய்ந்து உட்கார்ந்து, மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு விசாரித்துக்கொண்டிருந்தார்.

“உனக்கு எங்கடா?”

“இடுப்பு நைனா.”

“இந்தா, ஒண்ணு முழுங்கு. வெறும் வயித்துல போடாத. நாஸ்தா துன்னியா?”

அடுத்தது மாசி. தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனுக்கும் ஒன்று.

எனக்கு எதிராகவே ஒரு ஆஸ்பத்திரி! நான் போட்ட சத்தத்தில் பூனைகள் ஓடிவிட்டன. “ஒருத்தனுக்கு வயித்துப் புண் இருந்தா இந்த மாத்திரையால ரத்த வாந்தி எடுப்பான், தெரியுமா? யார் வயித்துல என்ன இருக்குன்னு உங்க முட்டி சொல்லிச்சா?” என்றேன். நாலு பேரும் ஒரே நேரத்தில் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள்.

நைனா மட்டும் அசையவில்லை.

“அவன் தோளு வலைய இஸ்கணும் நர்ஸம்மா. என் முட்டி சும்மா படுத்துகினுதானே கீது? அதுக்கு இன்னாத்துக்கு மாத்திர?”

“வலி தெரியாம பயிற்சி செய்யறதுக்கு!”

“வலி தெரியலன்னா காத்து எப்டி தெரியும்? நீ மாத்திர குடுத்து ஸ்டேஷன மூடப் பாக்குற.”

பதினோரு நாளாக அந்த மனிதர் ஒரு மாத்திரைகூட இல்லாமல், அறுத்துத் தைத்த காலை மடக்கிக்கொண்டிருந்திருக்கிறார். முழுப் பூசணிக்காயை என் கண் முன்னாலேயே சோற்றில் மறைத்திருக்கிறார். அவர் முட்டாள் என்றால், பதினோரு நாள் அட்டையை எண்ணிக்கொண்டிருந்த நான் என்ன?

தெருமுனை வரை அஞ்சலை என் பின்னாலேயே வந்தாள். “இந்த ஆளு படகு ஏறலன்னா எம் பொண்ணு வூட்டுக்கு நான் தனியாத்தான் போவணுமா நர்ஸம்மா?” என்றாள்.

மறுநாள் நான் ஒரு காரியம் செய்தேன். நர்ஸ் செய்யக் கூடாத காரியம். பொய் சொன்னேன்.

“நைனா, உங்க வீட்டு ரேடியோவுல கரகரன்னு இரைச்சல் வந்தா ஸ்டேஷன் கேக்குமா?”

“கேக்காது.”

“இப்போ முட்டியில இருக்கிறது அறுத்த வலி. அது வெறும் இரைச்சல். மாத்திரை போட்டா இரைச்சல் அடங்கும். மடக்கி மடக்கிப் பழகினாத்தான் முள்ளு சரியா நகரும். அப்புறம் ஸ்டேஷன் தன்னால வரும்.”

நைனா முட்டியைத் தடவிப் பார்த்தார். “இத்த மொதல்லியே சொல்லக் கூடாதா? பதினோரு நாளா சும்மா திட்டிகினு கீற!” என்று வாயைத் திறந்தார். மாத்திரையைப் போட்டேன். எல்லாருக்கும் கொடுத்தது போக அட்டையில் மிச்சம் குறைவுதான்; தீர்ந்ததும் டாக்டருக்கு ஆள் அனுப்பி வாங்கி வந்தோம். அன்றைக்குக் கூச்சல் பாதியாகக் குறைந்தது.

ஆனால் டிகிரி என்பது அவருக்கு ஏறவே இல்லை. “அம்பது ஆயிடுச்சு நைனா” என்றால் “அம்பது இன்னா? கிலோவா?” என்பார். அப்போது வாசலில் மாசி கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். கண்ணி சரியாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றிலும் விரலை நுழைத்துப் பார்த்தான். அங்கே வலைக்கு அளவு விரல்தான். இரண்டு விரல் கண்ணி, மூன்று விரல் கண்ணி என்றுதான் பேச்சு. என் மரமண்டைக்கு அன்றுதான் உறைத்தது.

அடுப்புக்கரியை எடுத்தேன். பெஞ்சுக்கு அடியில் குதிகால் எட்டிய இடத்தில் ஒரு கோடு போட்டேன். “நாளைக்கு இதுக்குப் பின்னால ஒரு விரல் போகணும், நைனா.”

“ஒரு வெரலா? அவ்ளோதானா?” என்று சிரித்தார். “இத்த சொல்லு!”

மறுநாள் அளக்க நான் என் விரலைத் தரையில் வைத்தேன். நைனா காலைத் தூக்கிக்கொண்டார்.

“யார் வெரலு அது? நர்ஸம்மா வெரலு முருங்கக்கா. அதுல அளந்து வல போட்டா குஞ்சு மீனெல்லாம் மாட்டும். மாசி, நீ வையி.”

“என் வெரலு தடி நைனா. உனக்குத்தான் கஷ்டம்.”

“அளவுன்னா அளவுடா.”

காற்றைப் பற்றி வாய் கூசாமல் புளுகுகிறவர், விரல் கணக்கில் ஒரு நூல் அளவு ஏமாற்ற மாட்டேன் என்றார். மாசியின் விரல் ஒவ்வொன்றும் மொந்தன் வாழைப்பழம். அந்த விரலுக்குத்தான் அந்தக் கால் தினமும் பின்னால் போனது.

அதற்கப்புறம் எனக்கு வேலையே இல்லை. கடலுக்குப் போய் வந்தவர்கள் நேராக நைனா வீட்டுக்கு வந்தார்கள். ஒருவன் மாத்திரை கொடுத்து “வாய தொற, முழுங்கினியா, நாக்க காட்டு” என்றான். ஒருவன் ஐஸ் பிடித்தான். தலையணை கொண்டுவந்த ஒருத்தியை மாசியே விரட்டினான். தரையில் கரிக்கோடுகள் ஒன்றன் பின் ஒன்றாக ஏறின. சில நாள் ஒரு விரல். சில நாள் அரை விரல்கூட நகராது. நைனா பல்லைக் கடித்துக்கொண்டு வியர்த்து ஊற்றுவார். “நாளைக்குப் பாத்துக்கலாம்” என்பேன். “நீ சும்மா இரு” என்பார்.

ஆறாவது வாரம் ஆஸ்பத்திரிக்குப் போகிற நாள். கரையில் ஊரே நின்றது. நாலு ஆம்பிளைகள் முழங்காலளவுத் தண்ணீரில் கையை நீட்டிக்கொண்டு தயாராக இருந்தார்கள். நைனா செருப்புப் போட்ட வாக்கரோடு தண்ணீர் ஓரம் வரை வந்தார். அதை அஞ்சலையிடம் கொடுத்தார்.

“கைய எட்றா. நான் இன்னா பொணமா, தூக்கிப் போட?”

ஒரு கையால் மாசியின் தோளைப் பிடித்தார். இரும்பு முட்டிக் காலைத் தூக்கினார். அது மடங்கியது. விளிம்பைத் தாண்டிப் படகுக்குள் போய் நின்றது. அஞ்சலை வாக்கரைத் தலையில் வைத்துக்கொண்டு பின்னாலேயே ஏறி உட்கார்ந்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது எனக்குத்தான். கடல் காற்று என்று சொல்லிச் சமாளித்தேன்.

டாக்டர் அளந்துவிட்டுத் தொண்ணூற்றைந்து என்றாராம். “அது எத்தினி வெரலு?” என்று நைனா கேட்க, அவ்வளவு படித்த டாக்டர் முழித்தாராம்.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

இரண்டு மாதம் கழித்து நைனா என் அறைக்கு நடந்தே வந்தார். முகம் செத்துப்போயிருந்தது. “பேஜாரா கீது நர்ஸம்மா. ஸ்டேஷனே வரல. ஒண்ணுமே குத்தல. சும்மா மரக்கட்ட மாதிரி கீது” என்றார். வலி போய்விட்டதே என்று ஒப்பாரி வைக்கிறார்! “அதுதான் நைனா ஆபரேஷன்” என்றேன். எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். மறுநாள் காலை, சாயம் வெளுக்கிறதைப் பார்க்க வேண்டும் என்றே கரைக்குப் போனேன்.

பழைய படகின் மேல் நைனா. சுற்றிலும் கூட்டம்.

“இன்னா நைனா சொல்லுது?”

முட்டியைத் தேய்த்தார். கண்ணை மூடவில்லை. வந்து நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். மாசி துடுப்பை இடது கையில் பிடித்திருந்தான். அவன் வலது கைக்காரன். வலது தோள் கொஞ்சம் தாழ்ந்து தொங்கியது. நர்ஸ் என்று பெயர்தான். அவர் பார்வை போன இடத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

நைனா முகத்தைச் சுருக்கினார். “குத்துதுடா. நல்லா குத்துது. இன்னிக்கு வேணாம்.”

இரும்பு எப்படிக் குத்தும்? வாயைத் திறந்தேன். நைனா என்னைப் பார்த்தார். மூடிக்கொண்டேன். மாசி “சரி நைனா” என்று துடுப்பைப் போட்டுவிட்டு மணலில் உட்கார்ந்தான். “எனக்கு முடியலை” என்று ஒரு நாளும் சொல்லத் தெரியாத ஆம்பிளைகள் அவர்கள். சொன்னால் மானம் போய்விடும். காற்று சரியில்லை என்றால் போகாது.

அறைக்கு வந்து அந்தப் பழைய சார்ட்டைத் தேடி எடுத்தேன். பக்கத்தில் அந்த மாதத்து நோயாளி ரெஜிஸ்டரைப் பிரித்து வைத்தேன். முட்டி குத்திய நாட்களில் எல்லாம் யாராவது ஒருவன் என்னிடம் வந்து களிம்பு வாங்கியிருந்தான். தோள்பட்டை. முதுகுப் பிடிப்பு. கயிறு அறுத்த உள்ளங்கை. எல்லாம் என் கையெழுத்து. காற்று வந்ததா என்று பார்க்கத் தெரிந்த எனக்கு இதைப் பார்க்கத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமைகளை மட்டும் இதில் சேர்க்க மாட்டேன். அது சினிமாவுக்குத்தான்.

போன மாதம் என் இடது முட்டியை மாற்றினார்கள். இப்போது எல்லாம் சுலபம் என்றார்கள். சொன்னவர்களுக்கு முட்டி நன்றாக இருக்கிறது. பயிற்சி சொல்லித்தர ஒரு சின்னப் பெண் வருகிறாள். “இன்னும் அஞ்சு டிகிரி, மேடம்” என்கிறாள். முதல் வாரம் அவளை நான் திட்டிய திட்டு நைனாவே காதைப் பொத்திக்கொள்கிற மாதிரி இருந்தது. மாத்திரை போட்டும் உயிர் போகிறது. ஒரு மாத்திரைகூட இல்லாமல் இதைப் பதினோரு நாள் செய்த மனிதரை நடிக்கிறார் என்று நினைத்தேனே என்று வெட்கமாக இருந்தது.

நேற்று நாற்காலியில் உட்கார்ந்து குதிகாலைப் பின்னால் இழுத்தேன். அந்தப் பெண்ணிடம் ஒரு கோடு போடச் சொல்லி, குனிந்து என் விரலைத் தரையில் வைத்து அளந்தேன். சரியாக ஒரு விரல்.

“என்ன மேடம் அளக்கறீங்க? போதும், இன்னிக்கு நல்லா வந்திருக்கு” என்றாள்.

போதாது. என் விரல் முருங்கைக்காய். நைனா ஒத்துக்கொள்ள மாட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் மடக்கினேன்.